வாழைநார் வைத்த பைபிள்

குஜிலியம்பாறை என்ற பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தவனுக்கு பாபிலோன் ராஜாவின் பெயரெல்லாம் ஒரு பெயரா? பூசையில் அந்தப் பெயர் வரும்போது எங்கள் பங்குச் சாமியார் தொண்டையைச் செருமி, ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் வாசிப்பார். நான் நிற்காமல் வாசிப்பேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். பாடுபட்டுச் சேர்த்ததைச் சொல்லிக்கொள்ள மனிதனுக்கு உரிமை உண்டு.

பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. நான் படித்தது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில். சிறுமலையிலிருந்து இறங்கும் வாழைத்தார்களைத் தலையில் சுமந்து வந்து வெளியூர் பஸ்களின் கூரைமேல் ஏற்றுவது என் வேலை. ஒருநாள் வத்தலக்குண்டு போக வேண்டிய தார்களைக் குஜிலியம்பாறை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஒன்று ஊருக்கு இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். மண்டிக்காரர் அத்தனை பேர் முன்னால் கன்னத்தில் அறைந்தார். அன்று சாயங்காலமே ஒரு கண்டக்டர் முன்னால் போய் நின்றேன். "அண்ணே, போர்டுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குச் சொல்லிக்குடுங்க." அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துக் காட்டினார். வாழ்க்கையில் நானாக வாசித்த முதல் சொல் வத்தலக்குண்டு.

பின்னாளில் அந்த மண்டிக்காரர் கடைக்கு நேர் எதிரே நான் மண்டி போட்டேன். கையகல நிலம் இல்லாமல் பிறந்தவன், மொசைக் தரை போட்ட வீடு கட்டினேன். எங்கள் தெருவில் முதல் டெலிபோன் என் வீட்டில்தான் மணி அடித்தது. மாதா கோவில் திருவிழாவில் சப்பரத்துக்கு வருஷாவருஷம் விளக்கு முழுவதும் என் பொறுப்பு. பைபிள் புது மொழிபெயர்ப்பு வந்தபோது பங்கிலேயே முதல் ஆளாக வாங்கியதும் நான்தான். கெட்டி அட்டை. வாங்கி வந்து ஷோகேஸில், எவர்சில்வர் கோப்பைக்கும் தலையாட்டி பொம்மைக்கும் நடுவில் வைத்தேன். மேலே இருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கவில்லை. எங்கள் வயதுக் கத்தோலிக்கர் வீடுகளில் இது சாதாரணம். சாமியார் வாசிப்பார், நாங்கள் கேட்போம். வீட்டில் நாங்கள் சொல்லுவது ஜெபமாலை. பைபிள் இருந்தால் வீட்டுக்குக் காவல் என்று நினைத்தோம்.

எனக்கு ஒரே மகள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தேன். மாப்பிள்ளை ஊர் வத்தலக்குண்டு. நல்ல கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணத்தில் என் மகள் போட்டிருந்த நகையைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் கொஞ்ச நாள் அதையேதான் பேசினார்கள். பிள்ளை மட்டும் உண்டாகவில்லை. அந்த மனக்கஷ்டத்தில் பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டாள் என்று ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போனாள். போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். பெந்தெகொஸ்தே சபை. தண்ணீரில் முக்கி மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தார்களாம். நாங்கள் குழந்தையில் கொடுத்தது செல்லாதாம். கொஞ்ச நாளில் மாப்பிள்ளையும் பின்னாலேயே போய்விட்டார்.

இதெல்லாம் தொண்ணூறுகளின் நடுவில். அந்த வருஷம் திருவிழாவுக்கு இருவரும் வந்தார்கள். கறிக்குழம்பு, கோலா உருண்டை என்று என் வீட்டுக்காரி விடிகாலையிலிருந்து அடுப்படியில் நின்றிருந்தாள். இலையில் உட்கார்ந்த பிறகுதான் மகளை நன்றாகப் பார்த்தேன். கழுத்தும் காதும் மொட்டையாக இருந்தன.

"ஏத்தா, போட்டிருந்தது எங்க?"

"கழட்டி வச்சுட்டேம்ப்பா. கர்த்தருக்கு அதெல்லாம் வேண்டியதில்ல."

"கர்த்தருக்கு வேணாம்னா சரி. செஞ்சு போட்ட எனக்கு வேணும்ல?"

மாப்பிள்ளை இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரி நடுவில் வந்தாள். "சாப்புடுற எடத்துல என்ன பேச்சு இது? மாப்ளைக்கு இன்னுங் கொஞ்சம் வெஞ்சனம் வைக்கட்டா?"

நானும் விட்டுக்கொடுத்துத்தான் பேசினேன். "சரி, போகுது. சாயங்காலம் சப்பரம் பாக்க வா. இந்த வருஷம் லைட்டைப் பாத்தா அசந்துருவ."

"நான் வரலப்பா. சுரூபம், செலையெல்லாம் கும்புடக் கூடாதுன்னு வேதத்துல இருக்கு."

"எந்த வேதத்துல?"

"நம்ம ஷோகேஸ்ல இருக்கே, அதுலதான். ஒருநாளாச்சும் அதத் திறந்திருக்கீங்களாப்பா?"

மெதுவாகத்தான் கேட்டாள். கத்திக் கேட்டிருந்தால் நானும் கத்திவிட்டு மறந்திருப்பேன். மறுநாள் விடிவதற்குள் எழுந்து, ஷோகேஸைத் திறந்து, பிளாஸ்டிக்கைக் கிழித்தேன். முதல் பக்கத்தில் ஆரம்பித்தேன். எதற்காக? ஜெயிப்பதற்காக. அவள் எந்த வசனத்தை எடுத்துப் போட்டாலும் அதற்கு மேலே ஒரு வசனத்தை நான் எடுத்துப் போட வேண்டும். ஏலத்தில் என்னைத் தாண்டிக் கேட்டவன் திண்டுக்கல்லில் இல்லை. பெற்ற மகளா தாண்டுவாள்?

அன்றிலிருந்து தினமும் மண்டிக்குப் போகும் முன்னால் வாசிப்பு. எனக்கு மனதுக்குள் வாசிக்க வராது. விரலை எழுத்தின்மேல் வைத்து, சத்தம் போட்டு வாசித்தால்தான் அர்த்தம் ஏறும். என் வீட்டுக்காரி எதிரில் முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டிக்கொண்டு உரித்தபடி கேட்பாள். "மெதுவா வாசிங்க, பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஞானஸ்நானம் குடுத்துருவீங்க போல" என்பாள். மகளுக்கு எதிராக உதவும் வசனம் வந்தால், மண்டியிலிருந்து கொண்டுவந்த வாழைநாரைக் கிழித்து அந்தப் பக்கத்தில் வைப்பேன். கொஞ்ச காலத்தில் புத்தகம் மூன்று பக்கமும் நார் நீட்டிக்கொண்டு, கோழி அடைகாக்கும் கூடை மாதிரி ஆகிவிட்டது.

மண்டியில் எனக்கு அடுத்த கடை ஒரு பாய். எலுமிச்சை வியாபாரி. தினமும் காலையில் என்னைப் பார்த்ததும், "என்னண்ணே, இன்னைக்கு எந்த அதிகாரத்துல சண்டை?" என்று கேட்பார். ஒருநாள் நான் ஒரு வசனத்தைச் சொல்லிக்காட்டி, இதற்கு அவளால் பதில் சொல்ல முடியுமா என்றேன். பாய் எலுமிச்சையைத் தரம் பிரித்தபடியே சொன்னார்: "பிள்ளைய ஜெயிச்சு என்னண்ணே செய்யப் போறீங்க? வெஞ்சனம் வச்சா சாப்புட முடியும்?"

எலுமிச்சை விற்கிறவருக்கு வேதவாதம் எப்படிப் புரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் பைபிளைப்பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். படித்தவர்கள் எழுதாததையா நான் எழுதிவிடப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். படித்தவர்கள் தேவையான பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நான் ஒரு வரி விடவில்லை. அடிபட்ட தாரைக்கூடத் தள்ளிவிடாமல் ஏலத்தில் வைத்தவன், வம்ச வரிசையை மட்டும் தள்ளுவேனா? அப்படி வரிசையாகப் போகிறவனை அந்தப் புத்தகம் சும்மா விடுவதில்லை. ஆயுதம் தேடித்தான் நான் உள்ளே போனேன். அது நடுவழியில் கையைப் பிடித்து உட்காரவைத்துச் சாப்பாடு போட்டது. அண்ணன்தம்பி கிணற்றில் தள்ளிய பிள்ளையின் கதை வந்த அன்று நான் மண்டிக்குத் தாமதமாகப் போனேன். அதில் மகளுக்கு எதிராக ஒரு வசனமும் கிடைக்கவில்லை. நார் வைக்கவில்லை. ஆனாலும் திரும்ப வாசித்தேன்.

அப்படித்தான் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. பெயர் வேண்டாம், எங்கள் ஆட்களுக்குக் கதையைச் சொன்னாலே தெரியும். நாடு கடத்தப்பட்டுப் போன ஊரில் ஒரு நல்ல மனிதன். சுவரோரம் படுத்திருந்தபோது குருவி எச்சம் கண்ணில் விழுந்து பார்வை போய்விடுகிறது. அவர் மனைவி கூலிக்குத் துணி நெய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். வேலை கொடுத்தவர்கள் சந்தோஷப்பட்டுக் கூலிக்குமேல் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொடுக்க, கிழவர் சத்தத்தைக் கேட்டுவிட்டு, அது திருட்டு ஆடு, திருப்பிக் கொடு என்று சண்டை பிடிக்கிறார். நீங்கள் செய்த தானதருமமெல்லாம் இப்போது எங்கே போயிற்று என்று அவள் திருப்பிக் கேட்கிறாள்.

என் வீட்டுக்காரி வெங்காயத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். "அந்தம்மா சரியாத்தான் கேட்டிருக்கு. வேதத்துலயும் புருசன்னா இப்படித்தானா?"

அந்தக் கிழவர் தன் ஒரே மகனை ஒரு வேலையாகத் தூரதேசத்துக்கு அனுப்புகிறார். வழித்துணைக்கு ஓர் ஆள் போகிறான். கூடவே ஒரு நாயும் போகிறது. நாய் எதற்கு என்று எங்கும் சொல்லவில்லை, சும்மா போகிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. சொன்ன நாளில் மகன் திரும்பவில்லை. தாய்க்காரி தினமும் வெளியே போய், அவன் போன பாதையைப் பார்த்தபடி நிற்கிறாள். யார் சமாதானம் சொன்னாலும் கேட்கவில்லை.

அந்த இடம் வந்தபோது என் வீட்டுக்காரி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அடுப்பு அப்போது பற்றவைக்கவே இல்லை. மிச்சத்தை நான் தனியாக வாசித்து முடித்தேன்.

அந்தத் திருவிழாவுக்குப் பிறகு மகள் என்னிடம்தான் பேசாமல் இருந்தாள். தாய்க்கு போன் பண்ணுவாள். இது எனக்குத் தெரியாது என்று இருவரும் நினைத்திருந்தார்கள். டெலிபோன்மேல் என் வீட்டுக்காரி பூவேலை செய்த துணி ஒன்று போட்டிருப்பாள். நான் மண்டியிலிருந்து வரும்போது அது கோணலாகக் கிடந்தால் மகள் பேசியிருக்கிறாள் என்று அர்த்தம். அன்றைக்குக் குழம்பும் ருசியாக இருக்கும். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். துணியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷத்தில் என் வீட்டுக்காரி போய்விட்டாள். காலையில் வெங்காயம் உரித்தவள், மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தாள். அவ்வளவுதான்.

மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அவள் அழுத அழுகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாமியார் வந்து, இறந்த ஆத்துமாவுக்காக ஜெபம் ஆரம்பித்ததும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். ஊரே முழங்காலில் இருக்கிறது, பெற்ற மகள் கொய்யா மரத்தடியில் நிற்கிறாள். அடக்கம் முடிந்து வந்ததும் கேட்டேன்.

"உங்க ஆத்தாளுக்கு ஒரு மந்திரம் சொல்ல வாய் வரலையா?"

"செத்தவங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி வேதத்துல இல்லப்பா. எனக்கு மட்டும் வலிக்கலயா?"

"இருக்கு. நான் காட்டுறேன். காட்டுற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்காத."

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். இரண்டு பேரும் பையை எடுத்துக்கொண்டு போனார்கள். இருக்கிறது என்று நான் சொன்னேனே தவிர, எங்கே என்று எனக்கு அப்போது தெரியாது.

கிடைத்தது. அந்தச் சின்னப் புத்தகத்துக்கு அப்பால், சண்டைகளாக வரும் ஒரு புத்தகத்தில். ஒரு படைத்தலைவன், போரில் செத்த தன் ஆட்களின் பாவம் தீர வேண்டும் என்று காணிக்கை திரட்டிக் கோவிலுக்கு அனுப்புகிறான். செத்தவர்களுக்காக ஜெபிப்பது நல்லது என்று பளிச்சென்று போட்டிருக்கிறது. அதை வாசித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எதிர் நாற்காலியைப் பார்த்து, "பாத்தியா!" என்றும் சொல்லிவிட்டேன். நாற்காலியில் யாருமில்லை. அந்தப் பக்கத்துக்கு மட்டும் இரண்டு நாரைப் பின்னி வைத்தேன்.

பாய் எலுமிச்சை எடுக்க வாரம் ஒருதரம் வத்தலக்குண்டு போவார். அவரிடம் சொல்லி அனுப்பினேன். "கெடச்சிருச்சுன்னு சொல்லுங்க. வந்து பாத்துக்கச் சொல்லுங்க."

திரும்பி வந்து சொன்னார். "சொல்லிட்டேண்ணே. சரின்னுச்சு."

"வாரேன்னு சொன்னாளா?"

"சரின்னுச்சு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "வான்னு சொல்லியனுப்புங்கண்ணே. கெடச்சிருச்சுன்னு சொன்னா யாரு வருவா?"

அதை என்னால் செய்ய முடியவில்லை. வா என்று கூப்பிட்டால் நான் இறங்கிவிட்டதாக ஆகும். காட்டுகிறேன் என்று சொன்னவன் காட்டித்தான் ஆக வேண்டும். அவள் வந்தால்தான் காட்ட முடியும்.

வருஷங்கள் போயின. வத்தலக்குண்டு எட்டாத தூரமா? ஒரு மணி நேரம். பஸ் ஒன்றுபோனால் ஒன்று. நான் எழுத்துக்கூட்டிய முதல் போர்டு. சாயங்காலமானால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டீ குடிப்பேன். அந்த டீக்கடைப் பெஞ்சியிலிருந்து பார்த்தால் வத்தலக்குண்டு பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் அத்தனை பேரும் தெரிவார்கள். பாய் ஒருநாள் கேட்டுவிட்டார்: "மண்டி வாசல்லயே டீக்கடை இருக்கு, எதுக்குண்ணே இம்புட்டு தூரம்?" அங்கேதான் டீ நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையில் அது கழுவுதண்ணி மாதிரி இருக்கும்.

வாசிப்பை மட்டும் விடவில்லை. ஆனால் கேட்க ஆளில்லாத வீட்டில் சத்தம்போட்டு வாசிப்பது, யாரும் வராத மண்டியில் ஏலம் விடுவது மாதிரி. மொசைக் தரை என் குரலைத் திருப்பித் திருப்பி என்னிடமே அனுப்பும். அந்த ஆட்டுக்குட்டிச் சண்டை வரும்போது பழக்கத்தில் கொஞ்சம் நிறுத்துவேன், ஒரு சிரிப்புக்கு இடம் விட்டு. பிறகு விரலை நகர்த்துவேன். மண்டியிலிருந்து வந்ததும் டெலிபோனைப் பார்ப்பேன். பூவேலைத் துணி நான் போட்ட மாதிரியே நேராகக் கிடக்கும்.

ஒருநாள் முற்பகல். மண்டியை நான் குத்தகைக்கு விட்டுவிட்ட சமயம். கேட்டுக்கு வெளியே குரல் கேட்டது. "அப்பா, உள்ள வரலாமா?"

வெள்ளைச் சேலை, அந்தச் சபைப் பெண்கள் கட்டுகிற மாதிரி. முன்தலையில் நரை. தோளில் ஒரு பை. வாசற்படிக்கு ஓரடி தள்ளி நின்றிருந்தாள். நான் போட்ட சொல்லை இத்தனை வருஷம் அப்படியே வைத்திருந்தாள்.

"காட்டுறேன்னு சொன்னேன்ல? வா."

உட்கார்ந்தாள். தாயின் படத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நாங்க ஒரிசாவுக்குப் போறோம்ப்பா. கர்த்தரோட ஊழியத்துக்கு. அவங்க வேலைய விட்டுட்டாங்க. வர்ற வியாழக்கிழமை ரயில். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

பக்கத்து ஊரில் இருந்தபோதே வராதவள். ஒரிசா எந்தப் பக்கம் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

"அங்க பாஷை தெரியுமா உனக்கு?"

"கத்துக்கணும்."

"பஸ் ஸ்டாண்டுக்குப் போ. போர்டுல இருந்து ஆரம்பி. அப்படித்தான் சீக்கிரம் வரும்."

அவள் சிரித்தாள். நான் எழுந்து போய் பைபிளை எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். அவள் நார்களைப் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"எல்லாம் உனக்குத்தான்."

"எனக்கா?"

"உன்னைய ஜெயிக்கிறதுக்கு. நீயும் எடு உன் புத்தகத்தை."

பையிலிருந்து அவள் பைபிளை எடுத்தாள். கறுப்பு உறை, ஜிப்பு வைத்தது, ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? நான் ஒரு நாரை இழுப்பேன், அவள் ஒரு பக்கம் புரட்டுவாள். "அதுக்கு அடுத்த வசனத்தையும் வாசிங்கப்பா" என்பாள். "அதுக்கு முந்துன வசனத்த நீ வாசி" என்பேன். அவள் புத்தகத்தில் கர்த்தர், என் புத்தகத்தில் ஆண்டவர். ஆனால் பேசுகிறவர் ஒருவர்தான். அவள் குரல் ஏறியது, என் குரலும் ஏறியது. அந்த வீட்டில் வருஷக்கணக்காக இரண்டு குரல் கேட்டதில்லை. சண்டை முடிந்துவிடக் கூடாதே என்று நான் சில நார்களை வேண்டுமென்றே மெதுவாக இழுத்தேன்.

கடைசியில் அந்தப் பின்னிய நாருக்கு வந்தேன். படைத்தலைவன். செத்தவர்களுக்கான காணிக்கை. விரலை வைத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்து முடித்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

அவள் தன் புத்தகத்தைப் புரட்டினாள். முன்னால் போனாள், பின்னால் வந்தாள். பொருளடக்கத்தில் விரலை ஓட்டினாள்.

"அப்பா. எங்க பைபிள்ல இந்தப் புத்தகமே இல்ல."

"இல்லைன்னா? கிழிஞ்சிருச்சா?"

"கிழியல. எங்க ஆளுங்க இதைச் சேத்துக்கிறதில்ல. உங்களதுல ஏழு புத்தகம் கூட இருக்கும்ப்பா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அந்தப் பகுதிக்கு முன்னால் தலைப்பில் ஏதோ போட்டிருந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன் தலைப்பில் நேரத்தைச் செலவழிப்பதில்லை. அவர்கள் பைபிளை நான் தொட்டுப் பார்த்ததுமில்லை. எல்லாருக்கும் ஒரே பைபிள் என்றுதான் நினைத்திருந்தேன். இத்தனை வருஷம் பத்திரப்படுத்திய சரக்கு, வாங்குகிறவளின் ஊரில் செல்லாத சரக்கு.

அவள் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "விடுங்கப்பா" என்றாள்.

"இன்னும் எதெல்லாம் இல்ல?"

என் புத்தகத்தை வாங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். விரல் அந்தச் சின்னப் புத்தகத்தில் வந்து நின்றது.

"இதுவுமா இல்ல?"

"இதுவும் இல்ல."

"அந்த நாய் வருமே, அது?"

"எந்த நாய்?"

பைபிளைத் தலைகீழாகத் தெரியும் என்று நான் நினைத்திருந்த மகளுக்கு அந்த நாயைத் தெரியாது. குருவி எச்சம் தெரியாது. ஆட்டுக்குட்டி தெரியாது. பாதையைப் பார்த்து நிற்கும் தாயைத் தெரியாது.

"உக்காரு. வாசிக்கிறேன்."

"பஸ்ஸுக்கு நேரமாகும்ப்பா. குடுங்க, நான் வேகமா வாசிச்சுக்கிறேன்."

"இது எங்க புத்தகம். நான்தான் வாசிப்பேன்."

பையைக் கீழே வைத்தாள். ஆரம்பித்தேன். அவள் கை சும்மா இருக்கவில்லை. அடுப்படிக்குப் போய் முறத்தில் வெங்காயத்தை அள்ளிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். எனக்குக் குழம்பு வைத்துவிட்டுப் போக நினைத்தாளாம். நான் விரலை எழுத்திலிருந்து எடுக்கவில்லை. ஆட்டுக்குட்டிச் சண்டை வந்தது. வழக்கம்போல் நிறுத்தினேன். அவள் சிரித்தாள். தாயின் சிரிப்பேதான், மூக்கால் ஆரம்பிப்பது.

"நீங்களும் அம்மாவும் பேசுற மாதிரியே இருக்கு."

"உங்க அம்மாவும் அதத்தான் சொன்னா."

மகன் புறப்பட்டான். வழித்துணை வந்தான். நாய் வந்தது. நடுவில் குழம்பு கொதித்தது, சாப்பிட்டோம், மறுபடி உட்கார்ந்தோம். வெயில் சாய்ந்தது. சொன்ன நாளில் மகன் திரும்பவில்லை. தாய் பாதையைப் பார்த்து நிற்கும் இடம் வந்தது.

"இந்த எடத்துல உங்க அம்மா எந்திரிச்சு உள்ள போயிட்டா" என்றேன்.

அவள் எழுந்து போகவில்லை. முந்தானை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எனக்காக எத்தனை நாள் அப்படி வாசல்ல நின்னாங்க அம்மா?"

"தினந்தான்."

பிறகு அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளை சாமான் கட்டிக்கொண்டு காத்திருப்பார். "இன்னும் கொஞ்சந்தானப்பா இருக்கு? சீக்கிரம் வாசிங்க. அந்தப் பையன் வந்தானா இல்லையா?"

அந்த நேரத்தில் எனக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். ஏலத்தில் கடைசித் தாரை எப்போது நிறுத்திவைக்க வேண்டும் என்று தெரிந்தவன் நான். நாரை அந்தப் பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினேன்.

"மிச்சத்த வந்து கேளு."

"அப்பா!"

"ஒரிசாவுல இருந்து வரும்போது வா. வாசிக்கிறேன்."

வா என்று சொல்லிவிட்டேன். பாய் சொல்லச் சொன்ன சொல் அதுதான். சொன்ன பிறகு அது அவ்வளவு பெரிய சொல்லாகத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனேன். அவள் பையை நான்தான் தூக்கினேன். வத்தலக்குண்டு பஸ்ஸில் சன்னல் ஓரம் இடம்பிடித்துக் கொடுத்தேன். "தப்பான பஸ்ல ஏத்திவிட்டுராதீங்கப்பா" என்றாள். அந்தக் கதையைச் சின்ன வயதில் அவளுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து டெலிபோன் பக்கத்தில் உட்காருவேன். சில ஞாயிறு மணி அடிக்கும், பல ஞாயிறு அடிக்காது. அவர்கள் இருப்பது காட்டுப் பக்கமாம், போன் இருக்கும் ஊருக்கு நடந்துதான் வர வேண்டுமாம். போர்டெல்லாம் வாசிக்கக் கற்றுக்கொண்டாளாம். பேச்சு முடியும்போது கேட்பாள்: "அந்தப் பையன் என்னப்பா ஆனான்?"

"வந்து கேளு."

"சொல்லுங்கப்பா, காசு ஓடுது."

"ஓடட்டும்."

எங்கள் பைபிள் ஒன்று வாங்கினால் அவளே வாசித்துக்கொள்ளலாம். அவள் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கேட்கமாட்டாளே. போனை வைத்த பிறகு நானே பூவேலைத் துணியைக் கொஞ்சம் கோணலாகப் போட்டுவிடுவேன்.

தினசரி வாசிப்பு நிற்கவில்லை. முதலிலிருந்து மறுபடி ஒரு சுற்று வந்துவிட்டேன். எங்கள் பங்கில் இன்னொருவர் இப்படி வாசித்ததாக நான் கேள்விப்படவில்லை. ஒரு வரியும் விட்டதில்லை என்று முன்னால் சொன்னேன். இப்போது ஓர் இடத்தை விடுகிறேன். அந்தச் சின்னப் புத்தகத்தில், தாய் பாதையைப் பார்த்து நிற்கும் இடம்வரை வாசிப்பேன். அதற்குமேல் விரலைக் கொண்டுபோவதில்லை. நாரை வைத்துவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுவேன். வாழைநார் காய்ந்தால் நொறுங்கிவிடும், மாற்றி மாற்றி வைக்க வேண்டும். முடிவு எனக்குத் தெரியாதா? மனப்பாடம். ஆனால் கேட்க வேண்டியவள் வருவதற்குள் அந்தப் பையன் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது.

அதனால் என் புத்தகத்தில் அவன் இன்னும் வழியில்தான் இருக்கிறான். நாய் கூட இருக்கிறது. அதுவரைக்கும் பயமில்லை.